விசைத்தறி வீட்டில் ஒரு யூடியூப் சேனல்: இளம்பிள்ளையிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி: "எங்களுக்குச் சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கம் சொந்தமாக விசைத்தறி இருக்கிறது. இதுவரை ஈரோடு வியாபாரிகளுக்குத்தான் சேலை போட்டுக்கொண்டிருந்தோம். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் யூடியூப் லைவ், ரீல்ஸ் என்று ஆரம்பித்த பிறகு பாதிச் சேலை போனிலேயே விற்றுப்போகிறது. கல்லூரியில் 'ஊடக ஒருங்கிணைவு' என்று ஒரு வகுப்பு எடுத்தார்களாம், அதைச் சொல்லிச் சொல்லிப் பேசுகிறாள். அது என்ன சங்கதி? இந்தத் தொழிலையும் இந்தப் பிள்ளைகளையும் அது எங்கே கொண்டுபோய் விடும்? படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக இறங்கட்டுமா என்கிறாள். என்ன சொல்ல?"

வணக்கம் அண்ணா. கடைசிக் கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிப்பை நிறுத்த வேண்டாம். அவள் படிக்கிற பி.காம் இந்தத் தொழிலுக்கு எங்கே கைகொடுக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நான் சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலுக்கு விளம்பரம் பிடிக்கிற வேலையில் தொடங்கி, இப்போது ஜவுளிக்காரர்களுக்கும் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கும் ஆன்லைன் விற்பனைக்கு ஏற்பாடு செய்து தருகிறவன். அதனால் பழைய கதையும் கொஞ்சம் தெரியும், புதுக் கதையும் கொஞ்சம் தெரியும்.

வகுப்பில் சொல்லியிருக்கக்கூடியது இவ்வளவுதான். எழுத்து காகிதத்தில் வந்தது, குரல் ரேடியோவில் வந்தது, படம் தியேட்டரிலும் டிவியிலும் வந்தது, இரண்டு பேர் பேசிக்கொள்வது டெலிபோன் கம்பியில் போனது. ஒவ்வொன்றுக்கும் தனி எந்திரம், தனி முதலாளி, தனிச் சட்டம். எல்லாவற்றையும் எண்களாக மாற்றி ஒரே வழியில் அனுப்ப முடியும் என்று ஆனதும் நடுவில் இருந்த வேலிகள் விழுந்துவிட்டன. இப்படி ஆகும் என்று இதியேல் டி சோலா பூல் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1983இலேயே எழுதிவிட்டார். நம் ஊர் வீடுகளுக்குள் அது முழுசாக வந்து சேர 2016 ஆனது. அந்த வருடம் ஏப்ரலில் யூபிஐ அறிமுகமானது, செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒன்று பணத்தைப் போனுக்குள் கொண்டுவந்தது, இன்னொன்று படத்தைக் கொண்டுவந்தது. படமும் பணமும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது கடைதான், அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். 2006இல் அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 2011இல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப். அதற்கு ஐந்து வருடம் கழித்து மலிவு டேட்டா. முதல் இரண்டையும் அப்போது கிண்டல் செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சேலத்தில் இன்று கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற, சேலைக்கு டிசைன் போடுகிற, கடைக்குப் போஸ்டர் செய்கிற பையன்களைக் கேட்டுப்பாருங்கள். வீட்டில் முதன்முதலாக வந்த கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான் என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். படம் பார்க்கிற வீடு, படம் செய்யத் தெரிந்த வீடாக மாறி, அப்புறம் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பக்கூடிய வீடாக மாறியது. வெளியூர்க்காரர்கள் நம் பிள்ளைகள் இதில் சீக்கிரம் முன்னுக்கு வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டால், இந்த வரிசையைத்தான் சொல்லுவேன்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். ஒரு தீபாவளி விளம்பரம் முன்பு எப்படிப் போனது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்க வேண்டும். அதை விடியற்காலையில் பேப்பருக்குள் செருக ஏஜெண்டைப் பிடிக்க வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி அம்மாபேட்டை, குகை, சூரமங்கலம் என்று சுற்ற ஒரு ஆள். தியேட்டர் இடைவேளையில் ஸ்லைடு போட ஒரு ஆள். கேபிளில் படத்துக்குக் கீழே ஓடுகிற வரிக்கு என்னைப் போல ஒரு ஆள். இத்தனையும் முடிந்து வாடிக்கையாளர் கடைக்கு வந்தால், சேலையை எடுத்துப் போட ஒருத்தர், பில் போட ஒருத்தர், கல்லாவில் முதலாளி. இப்போது இத்தனை பேரும் உங்கள் மகள் ஒருத்திதான்.

ஊடகம் ஒன்றுசேர்ந்தது என்று வகுப்பில் சொல்வார்கள். என் கண்ணுக்குப் பட்டது, வேலைகள் ஒன்றுசேர்ந்ததுதான். எட்டு பேர் கூலி வாங்கிய வேலையை ஒரு பெண் கூலி வாங்காமல் செய்கிறாள். இதில் லாபம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஈரோட்டுச் சந்தைக்குப் போகும் சேலைக்கும் சென்னையிலோ மதுரையிலோ கட்டுகிறவர் கொடுக்கும் விலைக்கும் நடுவில் எவ்வளவு கைமாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? அதில் ஒரு பகுதி வீட்டுக்குத் திரும்புகிறது. ஆனால் வேலை எங்கே போனது, யார் தலையில் விழுந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு லைவ் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரவுச் சமையல் முடிந்து பெண்கள் போனை எடுக்கிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். வட்ட விளக்கு ஒன்று, பின்னால் அடுக்கிய சேலை, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய சீட்டு. பேசுகிற பெண் முந்தியை விரித்துக் காட்டி, பார்டரை கேமராவுக்கு நெருக்கமாகப் பிடித்து, பிளவுஸ் பிட்டைத் தனியாக எடுத்துக் காட்டுவாள். "கான்ட்ராஸ்ட் பிளவுஸ் சிஸ்டர், ஃப்ரீ ஷிப்பிங், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க" என்று மூச்சுவிடாமல் போகும். கீழே கமெண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். "லைட்டுல கலர் வேற மாதிரி தெரியுதே, நேர்லயும் இதேதானா?" என்று ஒருத்தர், "பதினேழு புக்குடு" என்று ஒருத்தர். பக்கத்தில் தம்பியோ அம்மாவோ இன்னொரு போனில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்து, பெயர், பின்கோடு, சேலை எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் பேக்கிங். பார்சலோடு போகும் செய்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது.

அந்த ஓப்பனிங் வீடியோவை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கடையில் வாங்கினால் கிழிசல் இருக்கிறதா என்று அங்கேயே விரித்துப் பார்ப்போம். கடைக்காரர் முகம் நமக்குத் தெரியும், நம் முகம் அவருக்குத் தெரியும். போனில் அது இல்லை. அதனால் வாங்குகிற பெண்ணும் கேமராவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பார்சலின் ஓரத்தை வெட்டும்போதே ஒரு கையில் போனைப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் படமெடுத்தால்தான் அவள் சொல்லுக்கு மதிப்பு. விற்பவளும் வீடியோ எடுக்கிறாள், வாங்குபவளும் எடுக்கிறாள். நம்பிக்கை என்பது இருவரிடமும் இருக்கும் பதிவாகிவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் வயதான வாடிக்கையாளர் ஒருவர் வீடியோ எடுக்கத் தெரியாமல் பிசிறு விழுந்த சேலையை வைத்துக்கொண்டு நின்றால், சட்டம் பேசாமல் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பத்துப் பேரிடம் சொல்லுவார்.

இன்னொரு மாற்றம் தறியிலேயே நடக்கிறது. முன்பு ஒரு டிசைன் ஓட ஆரம்பித்தால் சீசன் முழுக்க ஓடும். இப்போது இன்று ரீல்ஸில் நன்றாகப் போன பார்டரை அடுத்த வாரம் பக்கத்து ஊரில் வேறு ஒருவர் போட்டுவிடுகிறார். எலக்ட்ரானிக் ஜக்கார்டு (தறியில் டிசைன் போடுகிற கருவி) வைத்திருப்பவருக்கு டிசைன் ஃபைலை பென் டிரைவில் ஏற்றினால் போதும். பழைய ஜக்கார்டுக்காரர் அட்டை குத்தி, கோத்து, மாட்டி ஓட்டுவதற்குள் அந்த டிசைன் பழசாகிவிடும். ஒரு வேடிக்கை பாருங்கள்: துளை போட்ட அட்டையை வைத்து எந்திரத்துக்கு வேலை சொல்வது என்ற யோசனையே ஜக்கார்டு தறியிலிருந்துதான் கம்ப்யூட்டருக்குப் போனது. 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த அந்தத் தறியைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கும் அட்டை வைக்கத் திட்டம் போட்டார். இரவல் கொடுத்தது இப்போதுதான் தறிக்குத் திரும்பி வருகிறது, வட்டியோடு.

சேலை மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மரவள்ளிக் கிழங்குக்கு மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவார்கள். இன்று பாயிண்ட் என்ன விலை என்பது முன்பு இடைத்தரகர் சொன்னால்தான் தெரியும். இப்போது ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியின் மகன் குரூப்பில் பார்த்துவிட்டு அப்பாவிடம் "இன்னைக்கு வெட்ட வேண்டாம்" என்கிறான். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களில் சிலர் கொட்டையை மொத்தமாக வியாபாரிக்குப் போடுவதோடு நிறுத்தாமல், வறுத்து, பாக்கெட் போட்டு, இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். மலையில் வெள்ளைக்காரர்கள் காபி நட்டு இருநூறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் காபிக்குத் தோட்டத்தின் பெயர் வந்தது இப்போதுதான். அதே இன்ஸ்டாகிராம்தான் சனி, ஞாயிறில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி ரீல்ஸ் எடுக்கிற கூட்டத்தையும் அனுப்புகிறது. லாட்ஜுக்காரருக்கு வருமானம், மேலே வாழ்கிற மலைவாழ் மக்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நெரிசல்.

இனி இதில் உள்ள சிக்கல். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் வளைவு நிற்கிறதே, அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். அந்த ஸ்டூடியோவைக் கட்டிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸில் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். ஜவுளிக்காரன் படம் எடுக்க வந்தது உங்கள் மகள் காலத்தில் புதுசாக நடக்கவில்லை, 1930களிலேயே சேலத்தில் நடந்துவிட்டது. அந்த ஒரே காம்பவுண்டுக்குள் படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் இருந்தது. எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். மு.கருணாநிதி அங்கே வசனம் எழுதியவர். மலையாளத்தின் முதல் பேசும் படம், 1938இல் வந்த 'பாலன்', அந்த நிறுவனம் எடுத்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் அங்கேயிருந்து வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எல்லா வேலையும் ஒரு இடத்தில் சேர்வது என்றால் சேலத்துக்கு அது அப்போதே தெரியும்.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தக் காம்பவுண்டுச் சுவர் சுந்தரத்துக்குச் சொந்தம். உங்கள் மகளின் ஸ்டூடியோவும், தியேட்டரும், டிக்கெட் கவுண்டரும் போனுக்குள் இருக்கிறது. ஆனால் சுவர் அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம். யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று அங்கேயிருந்துதான் முடிவாகிறது. நேற்றுவரை ஐயாயிரம் பேர் பார்த்த லைவை இன்று இருநூறு பேர் பார்த்தால், ஏன் என்று போய்க் கேட்க ஆள் கிடையாது. கொஞ்சம் பணம் கட்டி பூஸ்ட் செய்தால் பார்வை கூடும். சந்தையில் கடை போட்டால் சுங்கம் கட்டுகிற மாதிரிதான் அது. என்ன, சந்தையில் சுங்கம் எவ்வளவு என்று போர்டில் எழுதியிருக்கும்.

2020 ஜூன் 29ஆம் தேதி இரவு நடந்ததை இந்தத் தொழிலில் உள்ள யாரும் மறக்கக் கூடாது. அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது, டிக்டாக்கும் போனது. நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகள் ஒரே ராத்திரியில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் பின்தொடர்ந்த ஆட்கள் தானாகக் கூட வரவில்லை. அதில் தப்பித்தவர்கள் யாரென்றால், வாங்கியவர்களின் போன் நம்பரையும் முகவரியையும் தனியாக எழுதி வைத்திருந்தவர்கள். எனவே அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய காலத்து அடங்கல் மாதிரி இருக்கிறது என்று மகள் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் கடையில் உங்களுக்கே சொந்தமான பொருள் சேலைக்கு அடுத்து அது ஒன்றுதான். ஈரோட்டு வியாபாரியையும் முழுசாக விட்டுவிடாதீர்கள். லைவ் மந்தமான மாதத்தில் தறி ஓட அவர் வேண்டும்.

பெரிய கம்பெனிகள் இதை எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு ஐபிஎல் ஒரு நல்ல சாட்சி. 2023 முதல் 2027 வரைக்கான உரிமையை 2022இல் ஏலம் விட்டபோது, இந்தியாவில் டிவி உரிமை ஒரு கம்பெனிக்கு 23,575 கோடி ரூபாய்க்கும், போனில் காட்டும் உரிமை இன்னொரு கம்பெனிக்கு 20,500 கோடிக்கும் போனது. டிவியும் போனும் கிட்டத்தட்ட ஒரே விலை. 2024 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் ஒரே குடைக்குள் வந்தன, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒரே செயலி ஆகிவிட்டது. சிம் விற்கிறவரும், மேட்ச் காட்டுகிறவரும், சினிமா காட்டுகிறவரும், மளிகை விற்கிறவரும் இப்போது ரிலையன்ஸ் என்ற ஒரே வீட்டுக்காரர்கள்.

கீழே, நம் மட்டத்தில், இதே கிரிக்கெட் வேறு முகம் காட்டுகிறது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன் இந்திய அணிக்குப் போன பிறகு, சேலம் மாவட்டத்தில் டென்னிஸ் பந்து டோர்னமெண்டுக்கே ஒரு மரியாதை வந்தது. இன்று ஒரு கிராமத்து டோர்னமெண்டுக்குப் போய்ப் பாருங்கள். மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு ஒரு பையன் லேப்டாப் வைத்திருப்பான். மூங்கில் கழியில் கட்டிய கேமராவிலிருந்து படம் வரும். இன்னொருவன் போன் செயலியில் பந்துக்குப் பந்து ஸ்கோர் போட, அது யூடியூப் திரையின் கீழே டிவியில் வருகிற மாதிரியே ஓடும். நடுவில் பிரியாணிக் கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம். கமெண்டரி சுத்த சேலம் தமிழில். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் பார்த்துவிட்டு, சிக்ஸர் அடித்த பையனுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புகிறார். திரை ஓரத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது. பந்தல், மைக்செட், டிவி, மொய் நோட்டு எல்லாம் அந்த மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் எந்த ஊடகக் கல்லூரிக்கும் போனவன் இல்லை. இதைப் பார்க்கிறபோது, இந்தத் தலைமுறை போனைப் பார்த்துக் கெட்டுப்போகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

கெடுக்கிற வழிகளும் அதே திரையில்தான் வந்தன. பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுக்கும்வரை, இந்திய அணியின் சட்டையிலேயே அப்படி ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. மேட்ச் பார்க்கிற பையனுக்கும் பணம் கட்டுகிற பையனுக்கும் நடுவில் ஒரு தட்டுதான் தூரம். டிவிக் காலத்தில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு நடந்து போக வேண்டும், போகிற வழியில் புத்தி வந்துவிடும். இப்போது அந்த வழி இல்லை.

உங்கள் மகள் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு இரண்டு. ஒன்று, அவளுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. வகுப்புக் குறிப்பு வருவதும், தோழி பேசுவதும், வாடிக்கையாளர் "சிஸ்டர் பார்சல் எங்கே" என்று கேட்பதும் ஒரே போனில். கொரோனா சமயத்தில் பள்ளிப் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் போனிலும் வந்ததே, அப்போதிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கும் மற்றதுக்கும் தனி இடம் என்பது கலைந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு விலை கேட்டு வரும் செய்திக்குக் காலையில் பதில் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாட்ஸ்அப் பிசினஸில் நேரம் குறித்து வைத்துவிட்டால், அந்த நேரத்துக்குப் பிறகு அதுவே பதில் அனுப்பிவிடும். வியாபாரத்துக்குத் தனி நம்பர், தனிப் போன் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி அது கூடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, கமெண்ட். சேலையைப் பற்றிப் பேசுகிறவளிடம் சேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஊர், எழுதுகிறவன் தெரிந்தவனாகக்கூட இருப்பான். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சில வார்த்தைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், அவை வரும் கமெண்டுகளை அதுவே மறைத்துவிடும். அந்தப் பட்டியலைத் தமிழிலும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிற விதத்திலும் போட வேண்டும். அந்த வேலையை அவள் செய்ய வேண்டாம், அண்ணனோ அம்மாவோ நீங்களோ செய்யுங்கள். "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் பிள்ளைகள் அடுத்தமுறை நடந்ததைச் சொல்லவே மாட்டார்கள்.

சரி, பி.காம். போனில் விற்பது விளையாட்டு மாதிரி தோன்றினாலும் சட்டத்துக்கு அது வியாபாரம்தான். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனைவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது மாநிலத்துக்குள் விற்றால்தான். பெங்களூருக்கோ திருப்பதிக்கோ சேலை அனுப்புகிறீர்கள் என்றால் அது வெளிமாநில விற்பனை, தொகை சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும். யூடியூபுக்கு மாநில எல்லை கிடையாது, ஜிஎஸ்டிக்கு உண்டு. ஈரோட்டு வியாபாரிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தவரை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். இப்போது ஒரு நாளைக்கு முப்பது பேர் முப்பது சின்னத் தொகை அனுப்புகிறார்கள், அதில் ரிட்டர்ன் வேறு. இதை உட்கார்ந்து கணக்கு வைக்கத் தெரிந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதைவிட வேறு என்ன வேண்டும்? ரீல்ஸ் எடுக்க இந்த ஊரில் நூறு பேர் கிடைப்பார்கள்.

பேச்சிலும் கவனம் வேண்டும். வேகத்தில் "பியூர் சில்க்", "கைத்தறி" என்று வாய் வந்துவிடும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது தப்பு. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கி 1985இலேயே சட்டம் இருக்கிறது. அசல் பட்டுக்குத்தான் சில்க் மார்க் முத்திரை. முன்பு கடையில் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும், இப்போது சொன்னது வீடியோவாகவே நிற்கிறது, புகார் கொடுக்கிறவர் தேட வேண்டியதே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறான விளம்பரத்துக்கு முதல்முறையே 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம். வேறு கம்பெனி பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "சாஃப்ட் சில்க்னு சொல்றோம், இது பாலியஸ்டர் கலந்த நூல்தாங்க, துவைக்க சுலபம்" என்று சொல்லியே நன்றாக விற்கிற பெண்கள் இளம்பிள்ளையிலேயே இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அவர்களிடம்தான் திரும்பி வருகிறார்கள்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் சரக்கு தெரிய வேண்டும். இதுதான் நீங்கள் அவளுக்குக் கொடுக்க வேண்டிய சொத்து. நீளவாட்டில் போகும் பாவு எப்படி ஓடுகிறது, குறுக்கே போகும் ஊடையில் என்ன நூல், ஜரிகை எத்தனை துவைப்புத் தாங்கும், பார்டர் ஏன் சுருங்குகிறது என்பதை வாரத்தில் ஒரு நாளாவது தறிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பல வீடுகளில் போன் பிள்ளையிடமும் தறி அப்பாவிடமும் தனித்தனியாக இருக்கிறது, இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசிக்கொள்வதில்லை. அவள் கமெண்டில் பார்க்கிற கேள்விகளை நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கலரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது ஈரோட்டு வியாபாரி உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த தகவல்.

கடைசியாக, பெரும்பாலும் யாரும் வெளிப்படையாகக் கேட்காத கேள்வி. அந்தச் சேனல் யாருடையது? முகம் அவளுடையது, சேலை உங்களுடையது. நாளைக்குக் கல்யாணமாகி கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ போனால் சேனல் எங்கே போகும்? அண்ணன் தம்பி பெயரில் தறியை எழுதி வைத்துவிட்டு, சேனலில் பேசுகிறவளுக்கு ஒன்றும் இல்லாமல் விட்டால் அது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. பின்தொடர்கிறவர்கள் அவள் பின்னாலேயே போய்விடுவார்கள். இப்போதே ஆன்லைன் விற்பனையில் இவ்வளவு பங்கு அவளுக்கு என்று பேசி, மாதாமாதம் அவள் கணக்கில் போடுங்கள். முடிந்தால் ஆடிட்டரிடம் சொல்லி அவளையும் பங்குதாரராகச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். யூடியூபில் பிராண்ட் அக்கவுண்டாக மாற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்களைச் சேர்க்கலாம், அதில் அவள் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். இப்போதைக்குச் சேனல் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது, பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது, பணம் எந்த பேங்க் கணக்குக்கு வருகிறது என்று மூன்றையும் அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று பேர் பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பூஸ்ட் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.